இளஞ்சிவப்பாய் நின்ற குழாய்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்மணிகளே. கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டுச் சீட்டு ஓர் அக்காவையும் தங்கையையும் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

தங்கைக்காரி இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். அக்காவுக்குக் கணையத்தில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்பதுதான் கவலை. அதைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி அந்தக் கூடத்திலேயே நடந்தது. நம் உடம்பின் செல்கள் எக்சோசோம் என்னும் பொடிப் பைகளை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. பைக்குள்ளே மைக்ரோஆர்என்ஏ என்ற துண்டுச் சீட்டுகள். புற்றுநோய்ச் செல்லும் தன் சீட்டை அனுப்பாமல் இராது. அது குறைந்திருந்தால் அக்காவுக்கு ஏற்றிவந்த மருந்தை நிறுத்துவார்கள், கூடியிருந்தால் தொடர்வார்கள். ஆராய்ச்சியின் விதி அது.

அக்காவின் நரம்பு லேசில் அகப்படாது. அன்று தங்கை மூன்று இடத்தில் குத்தித்தான் இரத்தம் எடுத்தாள்.

"சல்லடையாக்கிட்டடி. இனி தண்ணி குடிச்சா கை வழியா ஒழுகும்," என்றாள் அக்கா.

இரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி எடுத்தபோது மேலே தெளிந்த நீர் மஞ்சளாக இல்லை, இளஞ்சிவப்பாக நின்றது. இழுத்த இழுப்பில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. இப்படியானால் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்; புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே படித்துப் படித்துச் சொல்லும் பாடம். ஆனால் கன்றிப்போன அந்தக் கை கண்ணில் நின்றது. படிவத்தில் 'நிறம் சரி' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. அறுவைக்குப் பின் எடுத்த அளவில் சீட்டு பாதியாகக் குறைந்திருந்தது. மருந்தை நிறுத்தினார்கள்.

"முடி முளைக்கறதுக்குள்ள சீப்பு வாங்கிட்டேன் பாரு," என்று அக்கா சிரித்தாள்.

தங்கைக்கோ அந்த இளஞ்சிவப்புதான் நினைவில் நின்றது. புற்றுநோய்ச் சீட்டைத் தனியாக அளப்பதில்லை. எல்லார் இரத்தத்திலும் இருக்கும் பொதுச் சீட்டு ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் கணக்கு. அந்தப் பொதுச் சீட்டு சிவப்பணுவுக்குள் நிறைய உண்டு. அணு உடைந்தால் அது பெருகும். பெருகினால் கெட்டது குறைந்தது போலத் தோன்றும். இது அவளுக்குத் தெரியாததா? நான்கு நாள் தெரியாதவள் போல் இருந்தாள். ஐந்தாம் நாள் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா முன் போய் நின்றாள்.

"தெரிஞ்சேதான் டிக் போட்டீங்களா?"

"ஆமா டாக்டர்."

"வேற யாரோட குழாயா இருந்தா?"

"கொட்டியிருப்பேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மத்ததை அப்புறம் பேசுவோம். முதல்ல உங்க அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க."

அக்கா முழுவதையும் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்போ நான் சிரிச்சதெல்லாம் பொய்யா?"

"தெரியலக்கா. தெரியாதுங்கறதைத்தான் சொல்ல வந்தேன்."

"பாவம் பாத்தே என்னைக் கொன்னிருப்படி நீ."

மறுநாள் இரத்தம் எடுக்கத் தங்கை ஊசியை எடுத்தபோது, "நீ வேண்டாம், வேற யாராச்சும் எடுக்கட்டும்," என்றாள் அக்கா. ஒரு நர்ஸ் ஐந்து முறை குத்தினாள். தங்கை கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றையும் எண்ணினாள்.

இந்த முறை நீர் மஞ்சளாகத் தெளிந்து நின்றது. முடிவு வந்தபோது சீட்டு குறைந்திருக்கவில்லை, அறுவைக்குப் பின் எடுத்த அளவுக்கு இரண்டு பங்காக ஏறியிருந்தது.

உடனே மருந்தைத் தொடங்கினார்கள். அக்காவின் பின்னாலேயே தங்கையும் போனாள். மருந்து ஏற்றும் அறை வாசலில் தங்கை தயங்கி நிற்க, அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"மூணு மணி நேரம் ஏறணும். வெளிய நின்னு யாருக்குக் காவல் காக்கப் போற? உள்ள வா."

பிழைத்தாளா என்று கேட்காதீர்கள், தங்கங்களே. அன்றைக்கு யாருக்கும் அது தெரியாது. உங்கள் வீட்டில் நோய் நொடி அண்டாதிருக்கட்டும். அண்டினாலும், கசப்பை மறைக்காமல் சொல்லும் வாயும், அதைக் கேட்டும் சொன்னவரை விலக்காத மனமும் உங்கள் கூரைக்கடியில் குறையாதிருக்கட்டும்.