நகர்ந்த சுவர்

அரிமளத்துக்கு வெளியே, கண்மாயை ஒட்டி இருந்த அந்தச் சின்ன ஓட்டு வீடு ஃபர்ஹானாவுக்குப் பார்த்த அன்றே பிடித்துப்போனது. சமஸ்தானக் காலத்தில் கண்மாயைப் பார்வையிட வரும் அதிகாரி தங்கி, மனு வாங்குவதற்காகக் கட்டியது என்றார்கள். நீளமாக ஓர் அறை, அதை இரண்டாகப் பிரிக்கும் மரச்சுவர், பக்கவாட்டில் அடுப்படி. அவ்வளவுதான் வீடு. ஆனால் ஓர் அங்குலம் வீண் இல்லை. சன்னலோரத்து மேடையின் பலகையைத் தூக்கினால் உள்ளே துணிமணி வைக்கிற பெட்டி. அடுப்படியில் ஒரு தட்டை வைத்தால் முன்பாதியின் வாசலோரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி இருபக்கமும் திறக்கிற அலமாரி. கூரை உச்சியில் புறாக்கூண்டு போல ஒரு திறப்பு. சூடெல்லாம் அது வழியாக ஏறிப் போய்விடும். சித்திரை வெயிலிலும் பகலில் தூங்கலாம்.

மாமியார் சாரா உம்மாளின் கண்ணில் இதெல்லாம் படவே இல்லை. "புதுக்கோட்டையில அம்புட்டுப் பெரிய வீடு கெடக்கு. என் மகனைக் கொண்டுபோயி தீப்பெட்டிக்குள்ள அடைச்சிட்டா" என்று உறவு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

"எனக்குப் பள்ளிக்கூடம் பக்கமா இருக்குல்ல மாமி" என்பாள் ஃபர்ஹானா. அரிமளத்தில்தான் அவளுக்கு ஆசிரியை வேலை.

"அப்ப பள்ளிக்கூடத்துலயே குடியிருக்க வேண்டியதுதானே. அதாவது பெருசா இருக்கும்."

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் சாமியாவைப் பெண் பார்க்கக் கோட்டைப்பட்டினத்திலிருந்து வருவதாக இருந்தது. முதல் நாள் கொட்டிய மழையில் புதுக்கோட்டை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. காலையில் சாரா உம்மாள் போனில் அழாத குறை.

"முழங்கால் தண்ணி ஃபர்ஹானா! அவங்க அறந்தாங்கி தாண்டிட்டாங்களாம். நான் எங்கிட்டுப் போயி முட்டிக்கிறது?"

"இங்கிட்டு வாங்க மாமி. அவங்க வர்ற வழிதானே. சாமியாவையும் செஞ்சு வச்ச வட்டலப்பத்தையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்துருங்க."

"அந்த வீட்டுக்கா?"

"இந்த வீட்டுக்குத்தான் மாமி."

"சரி, வாரேன்" என்றார் மாமியார், பெருமூச்சோடு.

ஃபர்ஹானா பெரிய முன்பாதியை ஆண்களுக்கும், சின்ன உள்பாதியைப் பெண்களுக்கும் ஒதுக்கினாள். நாலைந்து பேர் வருவதாகத்தான் பேச்சு. வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை சல்மான், அவன் வாப்பா, மாமா என்று ஆண்கள் மூன்றே பேர். பெண்களோ இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

உள்பாதி பிதுங்கியது. கட்டிலில் நெருக்கி, சன்னல் மேடையில் நெருக்கி, சிலர் மடியில் சிலர். சாரா உம்மாள் மருமகளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். மாப்பிள்ளையின் உம்மா ஹாஜரா நல்ல கனத்த உடம்புக்காரர். உட்கார இடமின்றி, கால் வலி தாங்காமல், மரச்சுவரில் முதுகைச் சாய்த்தார்.

கிறீச்சென்று ஒரு சத்தம். சுவர் நகர்ந்தது.

"யா அல்லா, சுவரு சாயுது!"

சாயவில்லை. நிமிர்ந்தபடியே, ரயில் கிளம்புவது போல மெல்ல ஆண்கள் பக்கம் போனது. அங்கே மாமா, "சுவரு வருது, சுவரு வருது!" என்று கத்தினார். அந்தக் குலுக்கலில் சுவரின் நடுக்கதவு தாழ் கழன்று படாரென்று திறந்தது. இந்தப் பக்கம் தேநீர்த் தட்டோடு சாமியா. அந்தப் பக்கம் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிவைத்துக்கொண்டு சல்மான்.

அவன் மெதுவாகக் காலை இறக்கினான். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான்.

சாமியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோப்பைகள் கலகலத்தன. பதில் ஸலாம் பாதியில் நின்றுபோனது.

ஃபர்ஹானாவின் கணவன் சிராஜ் தரையில் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் சுவருக்கு அடியில் பார்த்தான். "உம்மா, உள்ள இரும்புச் சக்கரம் ஓடுது! நமக்கு வேணும்ங்கிற அளவுக்குத் தள்ளிக்கிறலாம்."

அழுக்கு சேர்கிறதே என்று ஃபர்ஹானா தினமும் திட்டிக்கொண்டே பெருக்கிய, தரையில் நீளமாக ஓடிய பள்ளம்தான் அந்தச் சக்கரங்களுக்கான பாதை. பல தலைமுறைப் பெயிண்ட் சுவரை இறுக்கிப் பிடித்திருந்தது. அதைச் சிராஜ் போன மாதம்தான் சுரண்டி எடுத்திருந்தான். மனு கொடுக்க ஆட்கள் திரண்டால் அதிகாரியின் அலுவலகம் பெரிதாகும், குடும்பம் வந்தால் வீடு பெரிதாகும் என்று அவளுக்குச் சட்டென்று விளங்கியது. சுவர் எங்கே நின்றாலும் இரு பக்கமும் ஒரு சன்னல் கிடைக்கும்படி வைத்திருந்ததையும் இப்போதுதான் கவனித்தாள். கட்டியவன் கெட்டிக்காரன்!

"அப்ப இன்னும் கொஞ்சம் தள்ளுங்க" என்றார் ஹாஜரா.

பெண்கள் எல்லாரும் சேர்ந்து கைவைத்தார்கள். ஆண்கள் நாற்காலியோடு பின்வாங்கிப் பின்வாங்கி, வாசலோரம் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். வட்டலப்பம் அலமாரி வழியாக அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வீடே சிரிப்பில் மிதந்தது.

அடுப்படியில் சாமியா ஃபர்ஹானாவின் காதோரம் வந்தாள். "மச்சி, காலைத் தூக்கிக்கிட்டு முழிச்சாரே, அந்த முகம் எனக்குப் புடிச்சிருக்கு. சரின்னு சொல்லிருங்க."

ஃபர்ஹானா சொல்லப் போனபோது, ஹாஜரா முந்திக்கொண்டார். "எங்க வீட்ல எல்லாருக்கும் சம்மதம். மாப்பிள்ளை வேன்ல ஏற மாட்டேங்குறான்."

சாரா உம்மாள் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கூரையைக் காட்டிக்கொண்டிருந்தார். "சூடு அப்படியே மேல போயிரும் பாருங்க. இந்த வீட்டை மட்டும் விட்றாதீங்கன்னு நாந்தான் இதுககிட்டச் சொன்னேன்."

சிராஜ் வாயைத் திறந்தான். ஃபர்ஹானா அவன் காலை மிதித்தாள்.

புதுக்கோட்டையில் தண்ணீர் வடிந்த பிறகும் சாரா உம்மாள் கிளம்பவில்லை. பார்க்க வரும் உறவுக்காரர்களையெல்லாம் அந்தச் சுவரோரம் அழைத்துப் போய், "சும்மா சாஞ்சு பாருங்க" என்றார்.