ஒரு மணி மூன்று நிமிடம்

எனக்கு ஓர் அக்கா. நான் பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பே அவளைக் கடல் கொண்டுபோய்விட்டது. பெயர் காஞ்சனா, பத்து வயது. அரைப்பரீட்சை லீவுக்கு நாகப்பட்டினத்தில் மாமா வீட்டுக்குப் போனவள். 2004 டிசம்பர் இருபத்தாறு. "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுச்சு" என்பதற்கு மேல் அம்மா எதுவும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இங்கே ஹைதராபாத்தில், தார்நாகா ரமணி சார் வீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. அவர் நிலநடுக்க ஆராய்ச்சியிலிருந்து ரிட்டையரானவர். ஓர் அறை முழுக்கப் பழைய பதிவுத் தாள்கள். தூசி தட்டி, ஸ்கேனரில் வைத்து, தேதியும் நேரமும் எழுத வேண்டும். தாளில் ஊசி இழுத்த ஒரு வரி என்பது பதினைந்து நிமிடம். நிலம் அசையாவிட்டால் வரி நேராக ஓடும். யாரோடும் பேசத் தேவையில்லை என்பதால் பிடித்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் தேதித் தாள் கைக்கு வந்தது.

ஒரு மணி மூன்று நிமிடம் வரை வரி நேராக இருந்தது. பிறகு வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாளே கறுத்திருந்தது. ராத்திரி ஒரு மணி என்று நினைத்தேன். அக்கா தூங்கியிருப்பாள், அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அன்று பஸ்ஸில் நிம்மதியாக வீடு வந்தேன்.

மறுநாள் சார் என் குறிப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"அது லண்டன் நேரம்மா. நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டிக்கோ."

காலை ஆறு முப்பத்து மூன்று.

சுமத்ரா பக்கம் கடலடியில் ஒரு தட்டு இன்னொன்றின் கீழே போகிறது, நூறு இருநூறு வருடம் சிக்கி நின்று ஒருநாள் விடுபடுகிறது என்றார். இன்னும் விடுபடாத இடங்கள் இருக்கின்றனவாம். நாள் யாருக்கும் தெரியாதாம். நாகப்பட்டினத்துக்குக் கடல் எப்போது வந்தது என்று கேட்டேன். ஒன்பது மணிவாக்கில் என்றார்.

ஓரத்து நேரக் குறிகளில் விரல் வைத்து எண்ணினேன். பத்து வரி. அந்தப் பத்து வரியிலும் அக்கா உயிரோடு இருந்திருக்கிறாள். பல் தேய்த்திருப்பாள். மாமி தலை பின்னிவிட்டிருப்பாள்.

அவ்வளவு நேரம் இருந்தது என்று அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்று நினைத்தேன். ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "எதுக்குடி இப்பிடி உக்காந்திருக்கே?" என்றாள். சொல்லிவிட்டேன். ஆறரைக்கே நிலம் ஆடியிருக்கிறது, தாளில் இருக்கிறது என்று.

அம்மா நிமிரவில்லை. "தெரியும்" என்றாள்.

அன்று காலை மாமா வீட்டிலிருந்து அக்கா போன் செய்திருக்கிறாள். கட்டில் ஆடியதாம், பயமாக இருக்கிறதாம், மாமா கேலி செய்கிறாராம். அம்மாவுக்கு அடுப்பில் பால். ஒன்றுமில்லை, எங்கேயும் போகாதே, பேசாமல் படு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இதை அப்பாவிடம்கூட அவள் சொன்னதில்லை.

கீரையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"அவ ஓடியிருந்தா அந்தத் தாள்ல தெரியுமா?"

தெரியாது. ஹைதராபாத்தில் எழுதிய தாளில் நாகப்பட்டினத்துப் பிள்ளையின் கால் எப்படித் தெரியும்?

"தெரியும்" என்றேன்.

"ஓடினாளா?"

"ஓடினா."

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம், ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்ன பேச்சு கேக்கவே மாட்டா" என்றாள்.