ஸ்கிரிப்டில் இல்லாத கோழி

விஸ்வம்பரன் தன் மகளை ஒரு நாளைக்கு ஏழு முறை பாராட்டுவார். ஆறும் இல்லை, எட்டும் இல்லை, ஏழு. கேரளத்துக் கொட்டாரக்கரை வட்டாரத்தில் எந்த வாசகசாலையில் பெற்றோர்களுக்கு வகுப்பெடுத்தாலும் ‘தினம் ஏழு பாராட்டு’ என்றுதான் ஆரம்பிப்பார். ஊருக்குச் சொல்வதை வீட்டில் செய்யாமல் விடக்கூடாது என்ற கொள்கைக்காரர். சில நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அன்றைய பாராட்டு ஐந்திலேயே நிற்பது ஞாபகம் வரும். “மோளே, நீ மோர் ஊத்திக்கிற விதமே தனி அழகு” என்பார். அப்போதும் ஒன்று பாக்கி நிற்கும். “என்ன பொறுமையா மெல்லுற!” என்று அதையும் தீர்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

தீர்த்தாவுக்குப் பதின்மூன்று வயது. நினைவு தெரிந்த நாள் முதல் அவள் சூப்பர். அவள் வரைந்த யானை சூப்பர். அது யானை இல்லை, பக்கத்து வீட்டு பாஸ்கரன் மாமா என்று சொன்ன பிறகும் சூப்பர். இத்தனை சூப்பருக்கும் அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியாது. ஒருநாள் சூப்பர் தீர்ந்துபோனால், அவள் அச்சன் என்று கூப்பிடும் அப்பாவின் முகம் எப்படி இருக்கும்? அவள் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்கப் பயமாகவும் இருந்தது.

இப்போது பார்த்தே தீரவேண்டிய நிலை வந்துவிட்டது. எல்லாம் ஒரு கோழியால்.

கலோத்ஸவம் என்கிற மாவட்டப் பள்ளிக் கலைவிழாவில் அவள் மோனோ ஆக்ட் போட்டிக்குப் போயிருந்தாள். ஒரே ஆள் மேடையில் நின்று அப்பா, அம்மா, பிள்ளை, போலீஸ்காரன் என்று எல்லாருமாக மாறி நடிக்கும் ஐந்து நிமிட நாடகம். ‘அன்புக்கு ஏங்கும் மலர்’ என்ற நாடகத்தை அச்சனே எழுதியிருந்தார். கவனிப்பாரற்ற ஒரு குழந்தை ஐந்து நிமிடத்துக்குள் நான்கு முறை அழுது, ஒரு முறை மயங்கி, கடைசியில் சமூகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கும். மூன்றாவது அழுகைக்குப் பக்கத்தில் தீர்த்தாவுக்கு வசனம் சுத்தமாக மறந்துபோயிற்று. மேடையில் நிற்கிறாள்; கீழே முன்னூறு பேர்; மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் கோழி வந்தது. பாஸ்கரன் மாமா வீட்டில் கழுத்தில் இறகே இல்லாத கோழி ஒன்று உண்டு. முட்டையிட இடம் தேடிக்கொண்டு அடுத்தவர் வீட்டு அடுக்களைக்குள் வந்து, வாடகைக்கு வீடு பார்க்க வந்த மாமிபோல ஒவ்வொரு மூலையையும் குறை சொல்லிக்கொண்டே நடக்கும். தீர்த்தா அந்தக் கோழியானாள். முக்கால் நிமிடம். பிறகு வசனம் திரும்பி வந்தது. குழந்தை முறைப்படி அழுதது, மயங்கியது, சமூகத்தைக் கேட்டது.

ஏ கிரேடு. ஆனால் மூன்றாம் இடம். முதலிடம் வாங்குகிறவர்தான் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

மூன்றாமிடம் என்று கேட்டதும் விஸ்வம்பரன் அப்பீல் கொடுத்தார். அந்த மண்ணில் அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. கலோத்ஸவத்தில் பிள்ளைக்கு முதலிடம் தவறினால், மழைக்குக் குடை விரிப்பதுபோல அப்பீலை விரித்துவிடுவார்கள். ஆனால் அச்சனுக்குக் கோழி சமாச்சாரமே தெரியாது என்பதுதான் தீர்த்தாவின் கவலை. அவர் மேடைக்கு முன்வரிசையில்தான் இருந்தார், கையில் போனோடு. ஆனால் நாடகம் பாதியில் இருக்கும்போது மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தன் யூடியூப் சேனலுக்காகத் தன்னையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா லதிகாவுக்குக் கோழி தெரியும். அரசு பஸ்ஸில் கண்டக்டர், போட்டியன்று டூட்டி. மறுநாள் காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே, “என்னடீ, கழுத்து இவ்வளவு விறைப்பா இருக்கு? என்னத்த மறைக்கிற?” என்றாள்.

தீர்த்தா சொன்னாள்.

“எந்தக் கோழி? பாஸ்கரேட்டனோட மொட்டைக் கழுத்தா?”

“ஆமா அம்மே.”

“செஞ்சு காட்டு.”

பாதிப் பின்னலோடு தீர்த்தா அடுக்களை முழுக்க ஒரு சுற்று வந்தாள். லதிகா சீப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். முதல் டிரிப்புக்கு நேரமாகிறது என்பதே மறந்துபோயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அச்சன்கிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா, நான் சொல்லிக்கொடுத்த கோழின்னு ஆகிடும்” என்றாள்.

தீர்த்தா மூன்று முறை முயன்றாள். “அச்சா, ஒரு விஷயம்” என்று முதல் முறை ஆரம்பித்தபோது, “பார்த்தியா, மனசு திறந்து பேச வர்ற! இந்தத் துணிச்சல் சூப்பர்” என்று அவர் அன்றைய மூன்றாவதை வழங்கிவிட்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டார். இரண்டாம் முறை, “எனக்கு ஸ்டேட்டுக்குப் போக வேண்டாம் அச்சா” என்றே சொல்லிவிட்டாள். “இந்தப் பணிவு இருக்கே, மோளே, இதான் உன் பலம்!” மூன்றாம் முறை வாயைத் திறந்துவிட்டுத் தானே மூடிக்கொண்டாள்.

அப்பீல் விசாரணைக்குக் கல்வி அலுவலக வராந்தாவில் நீண்ட வரிசை. நடனத்தில் மகளின் நெற்றிச்சுட்டி அவிழ்ந்து விழுந்ததற்கு விளக்குக்காரன்தான் காரணம் என்று நிரூபிக்க ஒரு தாய் நெற்றிச்சுட்டியையே டிபன் டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். விஸ்வம்பரன் அவளுக்கு ஒரு விசிட்டிங் கார்டு கொடுத்தார். “தோல்வியை எப்படித் தாங்கிக்கிறதுன்னு குழந்தைக்குக் கத்துக்கொடுக்கணும். அடுத்த மாசம் க்ளாஸ் இருக்கு, வாங்க.”

“அப்ப சார் எதுக்கு வந்திருக்கீங்க?”

“நானா? அப்பீலுக்கு.”

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் சுபைதா மேடம், அதிகாரி. வலப்பக்கம் குறிப்பெழுத ஒருவர். இடப்பக்கம் தங்கப்பன் மாஷ், நாற்பது வருஷமாக நாடகம் சொல்லிக்கொடுப்பவர். பார்த்த பரிதாபங்களால் கண்ணிமை தடித்துப்போனவர்.

“எங்க வீடியோல சவுண்டு சரியில்ல. உங்க கையில ஏதாவது இருக்கா?” என்றார் மேடம்.

“இருக்கு மேடம். மிக அருகிலிருந்து எடுத்தது.” விஸ்வம்பரன் பெருமையாகப் போனை நீட்டினார்.

அச்சன் அதை முழுக்கப் பார்க்கவில்லை என்று தீர்த்தாவுக்குத் தெரியும். தான் பேசுகிற இடத்தில் தலைமுடி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பார், சத்தத்தை அணைத்துவிட்டு.

பெரிய திரையில் படம் ஓடியது. முதலில் தீர்த்தா. நன்றாகத்தான் இருந்தாள். இரண்டாவது அழுகை முடிந்ததும் படம் ஒரு குலுக்குக் குலுங்கித் திரும்பியது. திரை முழுக்க விஸ்வம்பரனின் மூக்கு. பின் கொஞ்சம் விலகி, முகம்.

“அன்பான பெற்றோர்களே,” என்றது திரை முகம், தழுதழுத்த குரலில். “என் பின்னால் மேடையில் நிற்பது என் மகள். ஒரு குழந்தை இப்படித் தயக்கமில்லாமல் நிற்க வேண்டுமானால் நாம் செய்ய வேண்டியது என்ன?”

அவருடைய இடது காதுக்குப் பின்னால், கட்டைவிரல் அளவில், தீர்த்தா தயங்கி நின்றுகொண்டிருந்தாள். யாரையோ தேடி இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

“நாம் அவர்களைப் பார்க்க வேண்டும்! ஒவ்வொரு நொடியும் பார்க்க வேண்டும்!”

காதுக்குப் பின்னால் கழுத்து நீண்டது. இரண்டு கைகளும் இடுப்புக்குப் பின்னால் போயின. “க்கொக்... கொ கொ கொ... க்கொக்?” அரங்கம் முதலில் திகைத்தது, பிறகு வெடித்துச் சிரித்தது.

திரையிலிருந்த விஸ்வம்பரன் கண்ணை ஒற்றிக்கொண்டார். “கேட்கிறதா? அரங்கமே தேம்பித் தேம்பி அழுகிறது.”

தங்கப்பன் மாஷ் மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். கொஞ்ச நேரம் மேலே வரவில்லை. சுபைதா மேடம் மட்டும் முகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு கேட்டார். “ஸ்கிரிப்டுல கோழி இருக்கா, சார்?”

“என்ன கோழி?” என்றார் விஸ்வம்பரன்.

திரும்பப் போட்டுக் காட்டினார்கள். அவர் இந்த முறை தன் முகத்தைப் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய், தன் காதின் ஓரத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“மோளே, நீ சொல்லு,” என்றார் மேடம். “கோழி எப்படி வந்துச்சு?”

பயப்படவேண்டியதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்பதாலோ என்னவோ, தீர்த்தாவின் குரல் நடுங்கவில்லை. “வசனம் மறந்துபோச்சு மேடம். அச்சனைத் தேடினேன். அச்சன் வாயசைச்சுச் சொல்லிக்கொடுப்பார்னு நினைச்சேன். முதுகுதான் தெரிஞ்சுது. அப்புறம் கோழி ஞாபகம் வந்துச்சு. ஜட்ஜ் போட்ட மார்க் சரிதான். மூணாமிடமே அதிகம்.”

மாஷ் மேசைக்கு மேலே வந்தார். “குட்டி, ஒரு விஷயம் சொல்லட்டுமா? கோழி முதல் தரம். நாப்பது வருஷத்துல இப்படி ஒரு கோழியை நான் பார்த்ததில்ல. கோளாறு சுத்தி இருக்கிற நாடகத்துலதான். எந்தப் புண்ணியவான் எழுதினது அது?”

“நான்தான்,” என்றார் விஸ்வம்பரன்.

மாஷ் மறுபடியும் குனிந்தார்.

அப்பீல் தள்ளுபடி. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். நெற்றிச்சுட்டி அம்மா, “என்னாச்சு சார்?” என்று கேட்பதற்குள் அச்சன் படியிறங்கிவிட்டார். அன்றைக்கு ஒரு பாராட்டுகூட இன்னும் ஆகவில்லை என்பதைத் தீர்த்தா கவனித்தாள். ஆக, இதுதான் அடி. சூப்பர் எல்லாம் தீர்ந்த பிறகு இருப்பது. அவள் ஓரக்கண்ணால் அச்சனின் முகத்தைப் பார்த்தாள். கோபமான முகமாகத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவர் முகம்போல இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெட்டிக்கடையில் இரண்டு சாயா, வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரி இரண்டு வாங்கினார். இரண்டில் பெரியதைத் தேர்ந்து அவள் பக்கம் நகர்த்தினார். அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

“அந்த ஸ்கிரிப்ட்,” என்றார் கடைசியில். “அவ்வளவு மோசமா?”

தீர்த்தா யோசித்தாள். “அழுகை கொஞ்சம் ஜாஸ்தி அச்சா.”

“கொஞ்சமா?”

“நிறைய.”

“மயக்கம்?”

“வேண்டவே வேண்டாம்.”

அவர் சாயாவை ஊதினார். “நீ என்னைத் தேடினியா?”

“ம்.”

“முதுகுதான் தெரிஞ்சுதா?”

“ம். சட்டைல காலர் மடங்கியிருந்துச்சு.”

விஸ்வம்பரன் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், இன்றும் மடங்கியிருக்குமோ என்பதுபோல. பிறகு, “எங்க, அந்தக் கோழியைக் காட்டு” என்றார்.

“இங்கயா?”

“வேற எங்க? உள்ள நான் பார்த்தது என் காதைத்தான்.”

பழக்கதோஷத்தில் அவர் கை சட்டைப்பைக்குள் போய்ப் போனோடு வெளியே வந்தது. அதைப் பார்த்தார். கடைக்காரரின் பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தார்.

தீர்த்தா பழம்பொரியைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தை நீட்டினாள். பெஞ்சைச் சுற்றி வந்தாள், சாயா பாய்லரைச் சந்தேகமாகப் பார்த்தாள், கடைக்காரரின் காலடியில் இடம் போதாது என்று முணுமுணுத்தாள், ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து பார்த்து, சரிப்படாமல் எழுந்தாள். அச்சன் வாயில் இருந்த சாயா மூக்கு வழியாக வந்தது. அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கி, பெஞ்சைத் தட்டித் தட்டி. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மூச்சு திரும்பியதும் விஸ்வம்பரன் சொன்னார்: “ஆனா தப்பு இருக்கு.”

தீர்த்தா நின்றாள்.

“அந்தக் கோழிக்கு வாலு இடது பக்கமா சாய்ஞ்சிருக்கும். போன மழைல பாஸ்கரன் வீட்டு ஓடு அது மேல விழுந்ததுல இருந்து அப்படித்தான் நடக்குது. நீ நேரா வச்சுட்ட.”

தீர்த்தா வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தாள். அச்சனுக்கு அந்தக் கோழியைத் தெரிந்திருக்கிறது! அவள் செய்ததில் ஒரு தப்பைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவளைப் பார்த்திருக்கிறார்! சட்டென்று பயங்கரமாகப் பசித்தது. கையை இடது பக்கம் சாய்த்து ஒரு முறை நடந்து காட்டினாள்.

“இப்ப சரியா?”

“இன்னும் கொஞ்சம். ம்... அதேதான்.”

சூப்பர் என்று அவர் சொல்லவில்லை. அவளுக்கு அது ஞாபகமும் வரவில்லை.

நாலரை மணி பஸ் வந்தது. படியில் நின்று விசிலை வாயிலிருந்து எடுத்த லதிகா, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னாச்சு விஸ்வேட்டா?”

“தோத்துட்டோம்!” என்றார் விஸ்வம்பரன், லாட்டரி விழுந்தவர் குரலில்.

“அப்பாடா,” என்றாள் லதிகா. “ஏறுங்க, ஏறுங்க. உள்ள தள்ளிப் போங்க. போன் எங்க?”

விஸ்வம்பரன் கடைக்குத் திரும்ப ஓடிப்போய்ப் பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னாலிருந்து போனை எடுத்துவர வேண்டியிருந்தது. பஸ் காத்திருந்தது, கண்டக்டரின் கணவர் என்பதால் டிரைவர் இரண்டு முறை மட்டுமே ஹாரன் அடித்தார்.

ஜன்னலோரம் தீர்த்தா, பக்கத்தில் அச்சன். பஸ் பாலத்தைத் தாண்டியதும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “மோளே, இந்தக் கோழியை வச்சு அடுத்த மாசம் பெற்றோர்களுக்கு ஒரு க்ளாஸ்...”

தீர்த்தா கழுத்தை மெல்ல நீட்டி, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள்.

விஸ்வம்பரன் வாயை மூடிக்கொண்டார். முழுசாக மூன்று ஸ்டாப் வரை.