கை தூக்கி நிறைவேற்றிய இலக்கணம்

ஐப்பசி மழையில் எங்கள் பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடம் ஒழுகியது. திறப்பு விழாகூட நடந்திருக்கவில்லை. அதற்குள் மூன்று இடத்தில் அண்டா வைக்க வேண்டியதாயிற்று. கட்டியவர் தாளாளர் சௌந்தரபாண்டியனின் மைத்துனர் என்பதால் குற்றம் மழையின் தலையில் விழுந்தது. விழாவைத் தள்ளிவைத்து நோட்டீஸ் அடிக்கத் தீர்மானித்தார்கள். தமிழில் அடித்தால் சங்கரன்கோவிலில் எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று பயந்தார்களோ என்னவோ, இங்கிலீஷில் அடிக்கச் சொன்னார்கள்.

அது 1949. ஊரில் இங்கிலீஷுக்கு ஒரே அதிகாரி காசிராஜன். யுத்த காலத்தில் ஏதோ ராணுவக் கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர், திரும்பி வரும்போது ஒரு தொப்பியையும் ‘வெரி வெல்’லையும் கொண்டுவந்தார். எங்கள் ஊருக்கு அது தாராளம். மனு எழுதவும் தந்தி படிக்கவும் பருத்திக் கடைக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். பள்ளிக் கமிட்டியிலும் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

நோட்டீஸை அவர்தான் எழுதினார். திறப்பு விழா வெள்ளிக்கிழமை நடக்க இருந்தது என்று தொடங்கி, மழையால் அதைத் தள்ளிவைத்தோம் என்பதற்கு ‘வி ஹாவ் புட் ஆஃப் இட்’ என்று முடித்திருந்தார். அச்சாபீஸ் ஆதம் பிழை பார்க்கப் பள்ளிக்கு அனுப்பிய தாள், எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்திய ஞானசெல்வி டீச்சரிடம் வந்தது. பாளையங்கோட்டையில் படித்தவர், எங்கள் பள்ளிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் ஒரே ஓர் இடத்தைத்தான் மாற்றினார்: ‘புட் இட் ஆஃப்’. ஆதம் அப்படியே இருநூறு அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்.

தன் எழுத்தில் ஒரு பொம்பளை கைவைத்ததைக் காசிராஜனால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமையே கமிட்டி கூடியது. தாளாளர், காசிராஜன், எண்ணெய்ச் செக்கு பெத்துராஜ், எப்போதும் தூங்கிவழியும் ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஆசிரியர்கள் சார்பில் கணக்கு வாத்தியார் குருசாமியாகிய நான். ஞானசெல்வியை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“‘புட் ஆஃப் தி மீட்டிங்’னா சரியா தப்பா டீச்சரம்மா?” என்று காசிராஜன் ஆரம்பித்தார்.

“சரிதான்.”

“அப்ப மீட்டிங்க எடுத்துட்டு அந்த எடத்துல ‘இட்’டப் போட்டா மட்டும் எப்படித் தப்பாவும்? ஒருத்தன் எந்திரிச்ச நாற்காலியில இன்னொருத்தன் உக்காரக் கூடாதாங்கேன்?”

பெத்துராஜ் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“கூடாது சார்,” என்றார் ஞானசெல்வி. “மீட்டிங்குன்னு பேரச் சொன்னா நடுவுலயும் வைக்கலாம், பின்னாலயும் வைக்கலாம். ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ எல்லாம் இந்த எடத்துல நடுவுலதான் நிக்கும். ‘பிக் ஹிம் அப்’, ‘த்ரோ தெம் அவே’, ‘புட் இட் ஆஃப்’. தொரை வீட்டுச் சமையக்காரர்கூட அப்படித்தான் சொல்லுவாரு.”

காசிராஜனின் முகம் கறுத்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுத் திடீரென்று மேசையில் குத்தினார்.

“‘லுக் ஆஃப்டர் ஹிம்’முன்னு சொல்லுதோமே, அங்கன ‘ஹிம்’ எங்கன கெடக்கு? கடேசியிலதானே?”

“அது வேற வகை சார். அந்த ரெண்டு சொல்லையும் பிரிக்க முடியாது. எது பிரியும் எது பிரியாதுங்கிறத கேட்டுப் பழகித்தான் தெரிஞ்சிக்கணும்.”

“பாத்தீயளா அண்ணாச்சி! வேணும்னா ஒரு சட்டம், வேண்டாம்னா ஒரு சட்டம்!”

தாளாளருக்கு ‘லுக்’கும் தெரியாது, ‘ஆஃப்ட’ரும் தெரியாது. சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்பது மட்டும் தெரிந்தது.

“என்னத்துக்கு வளவளன்னு பேசிக்கிட்டு? இப்பம் ஜனநாயகம்லா நடக்கு. கையத் தூக்கிருவோம். காசிராஜன் சொல்லுதது சரிங்கிறவிய தூக்குங்க.”

காசிராஜன் தனக்குத்தானே முதலில் தூக்கினார். தாளாளர், பெத்துராஜ் இருவரும் தூக்கினார்கள். ஜவுளிக்கடைக்காரர் விழித்துக்கொண்டு, எதற்கென்று கேட்காமலே தூக்கினார். ஞானசெல்வி சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். பயிற்சிப் பள்ளியில் நானும் படித்ததுதான். ஆனால் என் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கை தானாக ஏறிவிட்டது என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கை எங்கேயாவது தானாக ஏறுமா?

ஞானசெல்வி மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், வகுப்பிலும் இனிமேல் காசிராஜன் சொன்னபடியே நடத்த வேண்டும் என்று தாளாளர் உத்தரவு போட்டார்.

“ரெண்டும் செய்ய மாட்டேன்,” என்றார் அவர். “ஒங்க நோட்டீஸ எப்படி வேணும்னாலும் அடிச்சிக்கிடுங்க. பிள்ளையளுக்குத் தப்பாச் சொல்லித்தர நான் ஆளில்ல.”

திங்கட்கிழமை வேலைநீக்க உத்தரவு வந்தது. காசிராஜனின் கைவண்ணம்தான்: உம்மை அனுப்பிவிடுகிறோம் என்பதற்கு ‘வி ஆர் சென்டிங் அவே யூ’. ஞானசெல்வி அதைப் பள்ளி வாசலில் நின்றபடியே படித்தார். பேனாவை எடுத்து ‘யூ’வைத் தூக்கி நடுவில் போட்டு, தாளை என்னிடம் நீட்டினார்.

“அவருகிட்ட குடுத்திருங்க. பாஸ் போட முடியலன்னு சொல்லுங்க.”

நான் கொடுக்கவில்லை. அதற்கும் துணிச்சல் வேண்டும்.

எட்டாம் வகுப்பைக் காசிராஜனுக்கே கொடுத்தார்கள். மின்விளக்கே இல்லாத பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் ‘ஸ்விட்ச் ஆன் இட், ஸ்விட்ச் ஆஃப் இட்’ என்று இரண்டு மாதம் கத்தினார்கள். தை மாதம், மழை விட்ட தைரியத்தில் கட்டடத்தைத் திறந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த அதிகாரி அந்தக் கூச்சலைக் கேட்டுத் தலையாட்டினார், வடையைப் புகழ்ந்தார், இங்கிலீஷ் போதனை மிகவும் சிறப்பு என்று பார்வையாளர் நோட்டில் எழுதிவைத்துவிட்டு ஜீப் ஏறினார். அந்த வரியைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து என் மகள் மாரித்தாய் எட்டாம் வகுப்புக்கு வந்தாள். ஊருக்குச் சொல்வது வேறு, சொந்தப் பிள்ளை வேறு இல்லையா? ராஜபாளையத்தில் என் தங்கை வீட்டில் அவளை விட்டு, அந்த ஊருக்கு மாறிப்போயிருந்த ஞானசெல்வி டீச்சர் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் சேர்க்கப் போனேன். போகும் வழியெல்லாம், அவர் என்ன கேட்டால் என்ன சொல்வது என்று தயார் செய்துகொண்டே போனேன்.

அவர் வகுப்பில் இருந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். முன் பெஞ்சில் தாளாளரின் பேத்தி. அவளுக்குப் பின்னால் பெத்துராஜின் மகள். ஜன்னலோரம், தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு, காசிராஜனின் மூத்த மகள்.

ஞானசெல்வி வெளியே வந்தார். நான் தயார் செய்திருந்த எதையும் அவர் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

“ஒம் பேரு என்னம்மா?” என்று மகளிடம் கேட்டார். அவள் சொன்னாள்.

“உள்ள போயி உக்காரு மக்கா.”

அவள் போனாள். டீச்சரும் அவள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.