சிவப்புச் சூரியன்

சவப்பெட்டிக்கு முன்னால் பணிவாகக் குனிந்ததுதான் வில்மார் செய்த தப்பு. அவனோடு சேர்ந்து அக்குளில் இடுக்கியிருந்த பிளாஸ்க்கும் குனிந்தது. பைசாண்டு ஊரில் கல்யாணமோ சாவோ, மாத்தே என்ற இலைத் தேநீருக்கு ஊற்ற வெந்நீர் இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டமாட்டார்கள். ஆனால் மற்றவர்கள் மூடியைத் திருகிவிட்டுப் போவார்கள். நல்லவேளை, வெந்நீர் பெட்டியில் கிடந்த அண்ணன் ஆதெமார் மேல் படவில்லை. கால்மாட்டு ஸ்டூலில் அண்ணி சுல்மா விரித்து வைத்திருந்த தபால்தலை ஆல்பத்தில் கொட்டியது.

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு தபால்தலை. சூரிய முகம் போட்ட பழங்காலத்துச் சிவப்பு. வில்மார் தன் முதல் சம்பளத்தில் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கி அண்ணனுக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு அவன் அண்ணனுக்குக் கொடுத்ததெல்லாம் தலைவலிதான். அந்த ஒன்றை வைத்தே இத்தனை வருஷம் நல்ல தம்பியாகக் காலம் தள்ளியிருந்தான்.

கைக்குட்டையால் ஒற்றினான். கைக்குட்டை சிவந்தது, விரல்கள் சிவந்தன. சூரியனுக்கு மூக்கு போய்விட்டது.

அந்தக் காலத்து மை தண்ணீருக்கு அசையாது. பழைய தபால்தலைகளை அண்ணன் சூப்புத் தட்டில் மிதக்கவிட்டுக் கழுவுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறான்! அப்படியானால் யாரோ நிஜத்தை உருவிவிட்டுப் போலியை ஒட்டியிருக்கிறார்கள்.

சுவரோரம் பல் டாக்டர் எலிசேயோ பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். வாராவாரம் அண்ணனோடு தபால்தலை மாற்றிக்கொள்பவர். அவர் சட்டைப் பையில் தபால்தலை இடுக்கி தெரிந்தது. சாவு வீட்டுக்கு எதற்கு இடுக்கி?

"டாக்டர், அந்தச் சூரியனைக் கடைசியா எப்ப கையில எடுத்தீங்க?"

"அதை எதுக்கு இப்பக் கெளப்புற? பிஸ்கட் நல்லாருக்கு, ஒண்ணு எடுத்துக்க."

"பிஸ்கட்டைக் காட்டி மழுப்பாதீங்க. பையில என்ன?"

ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். டாக்டர் மெல்ல ஒரு கண்ணாடித்தாள் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே இருந்தது ஒரு நீலத் தபால்தலை.

"உங்கண்ணன் கேட்டுக்கிட்டே இருந்தான். நாந்தான் கருமித்தனமா இழுத்தடிச்சேன். அவன் கோட்டுப் பையில வெச்சு அனுப்பலாம்னு வந்தேன், தம்பி."

வில்மாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

"அண்ணி, நிஜம் எங்க? வித்துட்டீங்களா? கோவிக்கமாட்டேன், சொல்லுங்க."

"இன்னிக்குப் போய் இதைப் பேசணுமா?"

"பேசணும். நான் அவருக்குக் குடுத்ததே அது ஒண்ணுதான்."

சுல்மா கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் தண்ணில போடுவாரே, இதை ஒரு நாளாவது அவரு போட்டு நீ பாத்திருக்கியா?"

யோசித்தான். இல்லை.

"நீ குடுத்த அன்னிக்கே திருப்பிப் பாத்தாரு. போலி. அவனுக்குத் தெரியவேணாம், தண்ணி மட்டும் படாம பாத்துக்கன்னு எங்கிட்ட சொன்னாரு."

சிவந்த விரல்களால் வில்மார் காலி பிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினான்.