முனாப் ஏறும் காட்சி

துறைமுகத்தில் பாரந்தூக்கியிலிருந்து விழுந்து முனாப் மௌத்தானான். பாதுகாப்புப் பெல்ட் போடாமல் ஏறினான், பிழை அவனுடையது என்றது கம்பனி. கிண்ணியா ஊர் முழுக்க அதே கதை. மகள் றுஷ்தா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள்.

"வாப்பா உண்மையா பெல்ட் போடல்லையா, உம்மா?"

றஹ்மாவுக்குத் தெரியாது. வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாக்காலம் முடிந்ததும், அவன் விழுந்த அன்றைய துறைமுகக் கமரா வீடியோவைக் கேட்டு நேரே கம்பனிக்குப் போனாள். மனேஜர் சோமசேகரம் கதிரை போட்டு, தேத்தண்ணியும் கொடுத்து, முகத்தை மரணவீட்டுக்குத் தக்கபடி வைத்துக்கொண்டார்.

"காட்ட ஏலாது தங்கச்சி. தனிப்பட்ட தரவு. புதுச் சட்டம் வந்திருக்கு."

"நான் அவர்ர பெண்சாதி, சேர்."

"ஓம், அதுதான் சொல்லுறன். மௌத்தான மனுசன்ர மானத்தை நாங்கள்தானே காப்பாத்த வேணும்?"

இறந்தவனின் பெண்சாதியை வெறுங்கையோடு திருப்பி அனுப்பு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சோமசேகரம் அதைப் படித்ததுமில்லை. படிக்காமலேயே அது கம்பனிக்கு இவ்வளவு உதவுவதில் அவருக்கே கொஞ்சம் வியப்புத்தான்.

ஆனால் மானம் என்றதும் றஹ்மா அடங்கிப்போனாள். ஊரில் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டுகிறவள் அவள். இறந்த உடலில் கண்ட குறையை வெளியே சொல்லாதிருப்பதுதான் அந்த வேலை. இந்த மனுசனும் நம்மைப்போல ஒரு ஆள் என்று நினைத்து, அவருக்காக துஆக் கேட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

சில மாதம் கழித்து, அதே கம்பனியில் வேலைக்குச் சேர்ந்த பக்கத்து வீட்டு இன்ஷாப் வந்தான்.

"ராத்தா, முனாப் நானாட வீடியோவப் புது ஆக்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுறாங்க. பெல்ட் போடாட்டி இப்படித்தானாம். பேரும் போட்டிருக்கு."

"பெல்ட் இருந்திச்சா, தம்பி?"

"தூரத்துல எடுத்தது, ஒண்டும் விளங்கல்ல. விழுறது மட்டும்தான் காட்டுறாங்க. ஏறுறது இல்ல."

றஹ்மா மறுபடி போனாள். இந்தமுறை தேத்தண்ணி வரவில்லை.

"ஏறுற துண்டு எங்க, சேர்?"

"அழிச்சாச்சு. கனகாலம் வச்சிருக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான்." அவர் கொஞ்சம் யோசித்தார். "விழுறது இருக்கு. பாக்கப் போறீங்களா?"

அவள் எழும்பி வந்துவிட்டாள்.

வீட்டு வாசலிலேயே றுஷ்தா நின்றாள். "பாத்தீங்களா, உம்மா?"

"பாத்தன். பெல்ட் போட்டுத்தான் ஏறினார்."

"என்ன கலர்?"

றஹ்மா செருப்பைக் கழற்றினாள். மற்றதையும் கழற்றினாள்.

"நீலம்," என்றாள்.

றுஷ்தா அதைச் சொல்லப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.