அமெரிக்கக் கட்சியின் கடைசி அத்தியாயம்

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது நவீன்குமாருக்கு முடிச்சு இரண்டு முறை நழுவியது.

"வுடு, நான் கட்டறன்." அண்ணாதுரை குனிந்தார். அப்பா சென்னப்பனோடு ஓசூர் ஆலையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். கட்டிவிட்டுச் சிவப்புக் கொடியை உடல்மேல் போர்த்தினார். வாசலில் சங்கத்துக்காரர்கள் இரண்டு கும்பலாக நின்றார்கள். போன வருஷம் சங்கம் உடைந்ததிலிருந்து ஒரே டீக்கடைக்குக்கூட அவர்கள் போவதில்லை.

"நவீனு, அப்பா எழுதனது உன் போன்லதான இருக்குது? கடைசி அத்தியாயத்த மட்டும் அனுப்பு. சுடுகாட்டுல படிக்கறன். அமெரிக்காவுல கட்சி ஏன் ஒடஞ்சதுன்னு ரெண்டு கோஷ்டியும் கேக்கட்டும். அதுக்குத்தான எழுதனாரு."

"அனுப்பறன் மாமா."

சென்னப்பன் எழுதியது அமெரிக்க சோசலிஸ்டுக் கட்சியின் வரலாறு. "ராயக்கோட்ட தாண்டாதவருக்கு அமெரிக்காவுல என்னா வேல?" என்று உத்தனப்பள்ளி ஊரே கேலி செய்தது. சர்க்கரை நோயில் பார்வை போனபிறகு, அவர் சொல்வதை மகன் போனில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, காலை எட்டு மணிக்கு நவீன் கட்டில் கால்மாட்டில் உட்காருவான். முதல் நாள் நாலு வரி எழுதினான். கட்சியின் தலைவர் போரை எதிர்த்துப் பேசி ஜெயிலுக்குப் போனார், உள்ளே இருந்தபடியே தேர்தலில் நின்று ஒன்பது லட்சம் ஓட்டு வாங்கினார் என்பது வரைக்கும். மறுநாளிலிருந்து போனைப் பிடித்தபடி தூங்கினான்.

"எழுதிட்டியா?"

"ம், ஆச்சுப்பா."

மூன்று மாதம் இப்படியே போனது.

வீட்டுப் பின்னால் தண்ணீர் டிரம் பக்கம் போய் நின்று போனைத் திறந்தான். அதே நாலு வரி. நெட்டில் தேடினால் கட்சி உடைந்த வருஷம் கிடைக்கும். அதைப் பற்றி அப்பா என்ன சொன்னார் என்பது எங்கேயும் கிடைக்காது.

குளிப்பாட்டத் தண்ணீர் மொள்ள வந்தாள் சரோஜம்மாள்.

"அம்மா, நான் எதுவும் எழுதல. தூங்கிட்டன்."

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"நீ கொறட்ட வுட ஆரம்பிச்சா அவுரு கொரலக் கொறச்சிக்குவாரு."

"அப்பறம் எதுக்கும்மா சொல்லிட்டே இருந்தாரு?"

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

சுடுகாட்டில் குழிக்கு இந்தப் பக்கம் ஒரு கும்பல், அந்தப் பக்கம் ஒரு கும்பல். அண்ணாதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்தார்.

"தோழர் சென்னப்பன் நமக்காகச் சொல்லிட்டுப் போனத இப்பப் படிக்கறன்," என்றவர் நவீனைப் பார்த்தார். "இன்னும் வரலயேப்பா."

நவீன் அவர் காதருகே போனான்.

"வராது மாமா. அவுரு சொன்னாரு. நான் எழுதல."

அண்ணாதுரை கண்ணாடியைக் கழற்றவில்லை. அணைந்துபோன திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சத்தமாப் படிங்க தோழர்," என்றது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "இங்க கேக்கல."